வானூர்தி இழுக்கும் வடம்

காவிரியாறு சேலம், நாமக்கல் சமவெளிக்கு மேற்கிலும் தெற்கிலும் எல்லையாய் ஓடுகின்றதேயன்றி, அதன் நடுவே புகுந்து எல்லா வயல்களையும் நனைப்பதில்லை. ஆற்றினின்றும் விலகிய ஊர்களில் உழவர் நம்பி வாழ்வது கிணற்றையே. அக்கிணற்று நீரோ எளிதிற் கிடைப்பதன்று. இந்நிலத்தின்கீழ் உள்ளவை பெரும்பாலும் நைஸ், சார்னொகைட் முதலிய கடும்பாறைகள். கடற்கரை மணலைப்போல் அவை தம் உடல் முழுவதும் நீரை ஏந்துவன அல்ல. மேலே சிதைந்து இளகிய பாறைப்படலத்திலும், அதன்கீழுள்ள பிளவுகளிலும் மட்டுமே நீர் தங்குகின்றது. ஆதலின், ஓரிடத்தில் துளையிட்டால் நீர் பீறிட்டெழும். சற்றே தள்ளித் துளையிட்டால் வெண்புழுதி மட்டும் எழும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்திய நாடு முழுவதும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. அத்தகைய தொழிற்றிறம் வாய்ந்த ஊரைத் தன்னகத்தே கொண்ட இச்சமவெளியிலேயே, வேப்பங்கவையும் தேங்காயும் காட்டிய இடத்தில் துளையிட்டு, நீரைக் காணாது கடனையே கண்ட குடும்பங்கள் பல.

துளையிடுதற்கு முன்னரே நிலத்தினுள் என்ன இருக்கின்றது என்று அறிய வழியுண்டா? உண்டு. அவ்வழிகளுள் ஒன்று, ஹெலிகாப்டரின் கீழ்ப் பெரியதொரு மின்கம்பி வளையத்தைக் கயிறுகளால் தொங்கவிட்டு, நிலத்தின்மேல் தாழப் பறந்து செல்லுதல். வளையத்தில் மின்னோட்டத்தைப் பாய்ச்சித் திடீரென நிறுத்துவர். அப்பொழுது நிலத்தினுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, விரைவில் தேய்ந்து மறையும். அவை எவ்வளவு விரைவில் தேய்கின்றன என்பதை அளந்து, எந்த ஆழத்தில் மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருள் உள்ளது, எந்த ஆழத்தில் கடத்தாத பாறை உள்ளது எனக் கணிப்பர். ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார், டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தாரோடு கூடி, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பொருட்டு, 2013ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் ஆறிடங்களில் இம்முறையைச் சோதித்தனர். அவற்றுள் ஒன்று நம் நாட்டுக் கடலூர்ப் பகுதி. மற்றொன்று கருநாடகத்துத் தும்கூர்ப் பகுதி. தும்கூரின் நிலம் நம் சமவெளியைப் போலவே கடும்பாறை நிலம் என்பது கருதற்பாலது.

நிற்க. இக்கருவியின் கணக்குச் சரியாதற்கு முதலில் விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. அளந்த அந்நொடியில் வளையம் எங்கே இருந்தது? நிலத்தினின்றும் எவ்வளவு உயரத்தில், எப்பக்கம் சாய்ந்து இருந்தது? வளையம் ஹெலிகாப்டரோடு ஒட்டியிருப்பின் இவ்வினாவே எழாது. அது தொங்குவதோ கயிற்றில். ஆகவே, நிலத்தை அறியப் புகுவோன் முதலில் கயிற்றை அறிதல் வேண்டும். வானூர்தியின் பின்னும் கீழும் செல்லும் வடம் எவ்வாறு வளைகின்றது, எவ்வாறு அசைகின்றது, அதனைக் கணக்கில் வடிப்பது எங்ஙனம் என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. வடம் எதற்கு?

ஒரு பொருளை வானூர்தியினுள்ளேயே வைத்துச் செல்லாமல், நெடுங்கயிற்றில் கட்டி இழுத்துச் செல்வானேன் என்று கேட்கலாம். வானூர்தியினின்றும் அப்பொருள் விலகியிருத்தல் வேண்டும் என்பதே விடை. விலகுதற்குரிய காரணங்கள் வேறுவேறு.

முதலாவது, உயிர்க்காப்பு. வானிற் பறப்பதைச் சுடுவதற்குப் பீரங்கியாளர் பயிலவேண்டுமாயின், பறக்கும் இலக்கு ஒன்று வேண்டும். விமானத்தின் பின்னே நீண்ட கயிற்றில் துணிக்குழல் ஒன்றைக் கட்டி இழுப்பர். பீரங்கியாளர் அக்குழலைச் சுடுவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1943ஆம் ஆண்டு முதல், அமெரிக்காவின் வடகரோலினா மாகாணத்துக் காம்ப் டேவிஸ் என்னும் படைநிலையத்தில், பெண் விமானிகள் இத்தொழிலை ஆற்றினர். உண்மைக் குண்டுகளே அவர்களுடைய விமானத்தின் பின்னே வெடித்தன. அவர்தம் உயிர் கயிற்றின் நீளத்தைப் பொறுத்து நின்றது என்பது மிகையன்று. நம் நாட்டில், பெங்களூரில் உள்ள வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்தார் ஆக்கிய லக்ஷ்யா என்னும் விமானம் விமானியின்றியே பறப்பது. அதுவும் இலக்கினைத் தன்னினின்றும் நெடுந்தொலைவு பின்னே விட்டு இழுத்துச் செல்லுமாறு அமைக்கப்பெற்றதே.

இரண்டாவது, அளவையின் தூய்மை. நிலத்தின் காந்தப் புலத்தை அளக்கும் கருவியை விமானத்தினுள் வைத்தால், விமானத்தின் இரும்பும் மின்கம்பிகளும் அதனை மயக்கும். ஆதலின் அக்கருவியை மீன்போன்ற கூட்டினுள் அடைத்துக் கயிற்றில் விடுவர். அத்தொழிலோர் அக்கூட்டினைப் ‘பறவை’ என்றே வழங்குவர். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுதற்கென ஆக்கப்பெற்ற காந்தமானி, 1944ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வானிலிருந்து நிலத்தை ஆராயப் பயன்படலாயிற்று. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது நிறைந்துள்ளமை யாவரும் அறிந்ததே. அத்தகைய தாதுக்கள் மண்ணின்கீழ் மறைந்து கிடப்பினும், வானிற் செல்லும் காந்தமானி அவற்றைக் காட்டிக் கொடுக்கவல்லது. மேலே கூறிய நீர் தேடும் வளையமும் இவ்வகையினதே.

மூன்றாவது, பகைவரை ஏமாற்றுதல். போர்விமானம் தன் பின்னே சிறியதொரு பொய்க்குறியைக் கயிற்றில் விட்டுச் செல்லும். தன்னைத் தேடி வரும் ஏவுகணை விமானத்தை விடுத்து அப்பொய்க்குறியை நாடுமாறு செய்வதே அதன் நோக்கம்.

நோக்கம் எதுவாயினும், கயிற்றின் இயல்பு ஒன்றே. இனி அதனைக் காண்போம்.

2. கயிற்றின் இயல்பு

மின்சாரப் பம்புகள் பரவுதற்கு முன்னர் நம் ஊர்க் கிணறுகளிற் கவலை இறைத்த முறையைப் பெரியோர் அறிவர். சரிவான பாதையில் எருதுகள் இறங்கும்போது, வடம் விறைத்து நின்று, நீர் நிறைந்த சாலை மேலே தூக்கும். எருதுகள் பின்னோக்கி ஏறும்போது வடம் தளரும். சால் தன் எடையாலேயே கிணற்றுள் இறங்கும். வடத்தால் சாலைக் கீழே தள்ள இயலாது. கயிறு இழுக்கும், தள்ளாது. இது சிறுவரும் அறிந்த செய்தியாயினும், கணக்கில் இதனை மறந்தவர் பிழையான விடையையே பெறுவர். கயிற்றின் கணக்கிலே இழுவிசை பூச்சியத்திற்குக் கீழே செல்லலாகாது.

இரு முனைகளிலும் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி எவ்வடிவில் வளைகின்றது என்பது பழையதொரு வினா. அவ்வளைவு பரவளைவினை ஒத்தது எனக் கலிலேயோ 1638ஆம் ஆண்டில் எழுதினார். அஃது அதனை ஒத்ததேயன்றி அதுவேயன்று என்பதனையும், அதன் மெய்வடிவத்தையும், ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி என்னும் மூவரும் 1691ஆம் ஆண்டில் காட்டினர். அச்சங்கிலியின்மேற் படுவன இரண்டே: அதன் எடையும், இழுவிசையும். வானூர்தி இழுக்கும் வடத்திற்கோ மூன்றாவதொன்று உண்டு. அதுவே காற்று.

காற்றின் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். 100 கிலோகிராம் எடையுள்ள ஒரு ‘பறவை’ 30 மீட்டர்க் கயிற்றில் தொங்குவதாகக் கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 980 நியூட்டன். ஹெலிகாப்டர் மணிக்கு 90 கிலோமீட்டர், அஃதாவது நொடிக்கு 25 மீட்டர், விரைவிற் செல்கின்றது. பறவையின் முகப்பளவையும் வடிவையும் சேர்த்துக் காற்றெதிர்ப்பிற்குரிய பரப்பினை அரைச் சதுர மீட்டர் எனவும், ஒரு கனமீட்டர்க் காற்றின் நிறையை 1.2 கிலோகிராம் எனவும் கொண்டால், எதிர்ப்பு ஏறக்குறைய 187 நியூட்டன் ஆகும். கயிறு செங்குத்தினின்றும் 11 பாகை பின்னே சாயும். பறவை ஹெலிகாப்டர்க்கு நேர் கீழே நில்லாது ஐந்தரை மீட்டர் பின்தங்கும். உயரத்தில் அரை மீட்டர் மேலெழும்.

இனி, விரைவு இருமடங்காயிற்று என்க. எதிர்ப்பு இருமடங்காகும் எனச் சிலர் எண்ணலாம், அன்று. காற்றெதிர்ப்பு விரைவின் இருமடியைத் தொடர்வது. ஆதலின் நான்கு மடங்காகி 750 நியூட்டன் ஆகின்றது. இப்பொழுது கயிறு 37 பாகை சாய்கின்றது. பறவை 18 மீட்டர் பின்தங்குகின்றது. உயரத்தில் 6 மீட்டர்க்குமேல் எழுந்துவிடுகின்றது. ஹெலிகாப்டர் ஓரங்குலமும் ஏறவில்லை; எனினும் கருவி ஓர் ஓட்டுவீட்டின் உயரம் ஏறிவிட்டது!

மேற்கூறிய கணக்கில் நாம் கயிற்றையே மறந்துவிட்டோம் என்பதனை அறிவுடைய வாசகர் இதற்குள் கண்டிருப்பர். கயிறு ஒரு சென்டிமீட்டர்த் தடிப்பும், மீட்டர்க்கு 100 கிராம் எடையும் உடையது எனக் கொள்வோம். முழுக் கயிற்றின் எடை 3 கிலோகிராம். பறவையின் எடைக்குமுன் அது பொருட்டன்று. ஆனால், நொடிக்கு 25 மீட்டர் விரைவில், 30 மீட்டர்க் கயிற்றின்மேற் படும் காற்றெதிர்ப்பு ஏறக்குறைய 120 நியூட்டன். இது பறவையின்மேற் படும் எதிர்ப்பில் மூன்றிலிரண்டு பங்கு. எடையால் அற்பமாய்த் தோன்றும் கயிறு, காற்றின்முன் பெரியதொரு பொருளாகிவிடுகின்றது. கயிற்றைப் புறக்கணிக்கும் கணக்கு ஏன் பிழைபடும் என்பது இதனால் விளங்கும்.

பறவையே இல்லாது வெறுங்கயிறு மட்டும் நீளமாய்ப் பின்னே செல்லுமாயின், அஃது ஏறக்குறைய நேராகவே, ஒரே சாய்வில் கிடக்கும். அச்சாய்வில் கயிற்றின் எடையும் அதற்குக் குறுக்கே மோதும் காற்றும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. மேற்கூறிய கயிற்றிற்கு அச்சாய்வு, நொடிக்கு 25 மீட்டர் விரைவில், கிடைமட்டத்தினின்றும் 27 பாகை. 50 மீட்டர் விரைவில் 14 பாகையே. விமானம் விரையுந்தோறும் கயிறு படுத்துக்கொள்ளும் என்க.

3. கயிற்றைக் கணக்கில் வடித்தல்

இதுகாறும் கூறியது ஒரே விரைவிற் செல்லும் நிலையான ஓட்டத்திற்கே பொருந்தும். விமானம் திரும்பும், ஏறும், இறங்கும், காற்றுச் சுழித்து வீசும். அப்பொழுதெல்லாம் கயிறு நொடிக்கு நொடி வடிவு மாறும். அம்மாற்றத்தைக் கணிப்பதற்குக் கணித மாதிரி ஒன்று வேண்டும். மாதிரி என்பது மெய்ப்பொருளின்று; மெய்ப்பொருளின் செயலைப் போதிய அளவு ஒத்து நடக்கும் ஒரு கணக்கு.

பலரும் கையாளும் முறை மிக எளிய கருத்தினின்றும் பிறந்தது. தொடர்ச்சியான கயிற்றை மனத்தால் பல துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொரு துண்டின் நிறையும் ஒரு மணியில் அடங்கியதாகவும், மணிகளை நிறையற்ற சுருள்விற்கள் இணைப்பதாகவும் கொள்க. நெடுங்கயிறு இவ்வாறு ஒரு மணிமாலையாகின்றது. ஒவ்வொரு மணியின்மேலும் படும் விசைகள் நான்கே: தன் எடை, காற்றின் எதிர்ப்பு, மேலுள்ள மணியின் இழுப்பு, கீழுள்ள மணியின் இழுப்பு. நியூட்டன் வகுத்த இரண்டாம் விதிப்படி, இந்நான்கின் கூட்டினை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்தினின்றும் அடுத்த நொடித்துளியில் மணியின் விரைவையும், விரைவினின்றும் அதன் இடத்தையும் அறியலாம். முதல் மணியின் இடத்தை விமானம் வகுக்கின்றது. கடைசி மணி பறவையேயாகும்.

இங்ஙனம் கூறுதல் எளிது, செய்தல் பெருவேலை. 30 மணிகள் எனின், ஒவ்வொன்றிற்கும் நீளம், அகலம், உயரம் என மூன்றாக, 90 இடவளவுகளும் 90 விரைவளவுகளும் ஒவ்வொரு படியிலும் கணிக்கப்படல் வேண்டும். படி எவ்வளவு சிறியதாதல் வேண்டும்? எஃகுக் கயிற்றில் நீட்சியலை நொடிக்கு ஏறக்குறைய 5000 மீட்டர் விரைவில் ஓடும். துண்டு ஒரு மீட்டர் எனின், அவ்வலை ஒரு துண்டினைக் கடக்க ஒரு நொடியில் 5000இல் ஒரு பங்கே ஆகும். எளிய படிமுறைக் கணக்கில் நம் படி அதனினும் பெரியதாயின், கணக்கு நிலைகுலைந்து, மணிகள் விண்ணளவு பறந்து சென்றதாக விடை வரும். ஒரு நிமிடப் பறப்பினைக் கணிக்கவே மூன்று இலட்சம் படிகள் வேண்டும். கையாற் செய்தற்கு ஒரு வாழ்நாள் போதாத இதனைக் கணிப்பொறி விரைவிற் செய்து முடிக்கின்றது.

சுருள்விற்களுக்கு மாறாக, நீளாத கோல்களை மூட்டுக்களால் இணைத்தாற்போலக் கொள்வாரும் உளர். அம்முறையில் நீட்சியலையே இல்லையாதலின் படி பெரியதாகலாம். ஆனால் எல்லா மூட்டுக்களின் இழுவிசையையும் ஒருங்கே தீர்த்தல் வேண்டும். கயிறு தளரும் நிலைகளை ஆராய்வதற்குச் சுருள்வில் முறையே எளிது. தளர்ந்த வில்லின் இழுவிசையைப் பூச்சியம் என்று எழுதிவிட்டாற் போதும்.

தளர்தல் சிறு செய்தியன்று. நாமக்கல் லாரித் தொழிலாளர் இதனை நூலின்றியே அறிவர். பழுதான லாரியை மற்றொரு லாரியிற் கயிற்றால் கட்டி இழுக்குங்கால், கயிறு விறைத்து நிற்கும்வரை கேடில்லை. முன்வண்டி சற்றே மெதுவாகிக் கயிறு தொய்ந்து, பின்னர் முன்வண்டி திடீரென விரையின், கயிறு ‘படீர்’ என அறும். எடையை மட்டும் தாங்கவல்ல கயிறு, குலுக்கத்தைத் தாங்குவதன்று. வானிலும் அவ்வாறே. விமானம் காற்றுக்குழியில் திடீரென இறங்கின் கயிறு தளரும். மீண்டும் விறைக்கும்போது எழும் இழுவிசை, நிலையான ஓட்டத்தில் உள்ளதனைப் பன்மடங்கு மீறவும் கூடும். அறுந்த கருவி விழுவது யாரோ ஒருவருடைய கூரையின்மேல் ஆகலாம். மாதிரியின் முதற்பயன் இந்த இழுவிசையை முன்னரே அறிவிப்பதே.

எத்தனை மணிகள் போதும் என்ற வினாவிற்கும் நேர்மையான விடையொன்றுண்டு. பத்து மணிகளாற் கணித்துப் பார். பின்னர் இருபதாற் கணித்துப் பார். விடை மாறாதாயின் பத்தே போதும். மாறுமாயின் இன்னும் வெட்டுக.

4. இரு அசைவுகள்

கயிற்றின் அசைவுகளுள் இரண்டனைப் பிரித்தறிதல் நன்று. ஒன்று, கயிறும் பறவையும் சேர்ந்து ஊசல்போல் ஆடுதல். 30 மீட்டர்க் கயிற்றில் அவ்வாட்டம் ஒருமுறை சென்று மீள ஏறக்குறைய 11 நொடிகள் ஆகும். மற்றொன்று, கயிற்றின் வழியே பாம்புபோல் ஓடும் குறுக்கலை. 1000 நியூட்டன் இழுவிசையும் மீட்டர்க்கு 100 கிராம் நிறையும் உள்ள நம் கயிற்றில் அது நொடிக்கு 100 மீட்டர் ஓடும்; ஹெலிகாப்டரினின்றும் பறவையை அடைய மூன்றில் ஒரு பங்கு நொடிக்குக் குறைவே ஆகும்.

இவ்விரண்டனையும் எம் விடுதி முற்றத்தில் நாம் செய்து பார்த்தோம். எவரும் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நூலிற் கல்லைக் கட்டி ஆட்டினால், பத்து ஆட்டத்திற்கு இருபது நொடிகள் ஆகின்றன. மாடியினின்றும் நான்கு மீட்டர் நூலைத் தொங்கவிட்டால் நாற்பது நொடிகள் ஆகின்றன; நீளம் நான்கு மடங்காக, காலம் இருமடங்கே. பின்னர் லாரிப் பட்டறையில் கிடைக்கும் ஆறு நட்டுகளை ஒரே இடைவெளியில் நூலிற் கட்டி, மேல்முனையைப் பிடித்துக்கொண்டு விரைந்து நடந்து, சட்டென நின்றோம். மேலுள்ள நட்டு உடனே நின்றது. கடையிலுள்ளதோ செய்தி பின்னரே எட்டியதுபோல் இன்னும் முன்னே பாய்ந்தது. இந்த ஆறு நட்டு மாலையே மேலே சொன்ன மணிமாலை மாதிரியின் மெய்யுருவம்.

ஊசலாட்டத்தில் ஓர் இடர் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்திற்கு இசையத் தள்ளினால், சிறுகுழந்தையின் கையும் அதனை உயர ஆட்டிவிடும். பறவை ஆடுவதைக் கண்ட விமானி அதனை அடக்கும் எண்ணத்துடன் முன்னும் பின்னும் ஹெலிகாப்டரைத் திருப்பும்போது, அவருடைய கைத்தாளம் 11 நொடித் தாளத்தோடு தற்செயலாய் இசையின், ஆட்டம் தணிவதற்கு மாறாக வளரும். இலேசான, பருத்த பொருளைத் தொங்கவிட்டு விரைவிற் செல்லும்போது இடர் மேலும் மிகும். காற்று அதனை மேலே தூக்கி வால்விசிறியின் அருகே கொணர்தலும் கூடும். ஆதலினாலேயே இத்தகைய சுமையைத் தொங்கவிடும் கொக்கி, இடர் நேருங்கால் விமானி உடனே விடுவிக்கத்தக்கதாய் அமைக்கப்பெறுகின்றது.

5. வட்டமிடும் விமானமும் அசையாத வாளியும்

கயிற்றின் இயல்பு கேடு மட்டும் விளைப்பதன்று. வியத்தகு நன்மையும் விளைத்ததுண்டு. நேட் செயிண்ட் என்பார் தென்னமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுக் காடுகளில் பணியாற்றிய மிஷனெரி விமானி. விமானம் இறங்க இடமில்லாத காட்டினுள் பொருள்களை இறக்க அவர் ஒரு முறையைக் கையாண்டார். நெடுங்கயிற்றின் முனையில் வாளியைக் கட்டி, விமானத்தை வட்டமிடச் செய்வார். வாளி விமானத்தோடு பெருவட்டம் சுற்றாமல், சுருங்கிச் சுருங்கி வட்டத்தின் நடுவே ஏறக்குறைய அசைவற்றுத் தொங்கும். கீழே நிற்பவர் கையால் வாளியைப் பிடித்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். தம் பொருளை அதில் இட்டு மேலேயும் அனுப்பலாம். 1955ஆம் ஆண்டில், வெளியாரை அணுகவிடாத வவோரானி மக்களுக்கு இவ்வாறே பரிசுகள் இறக்கப்பெற்றன. அவர்களும் எதிர்ப்பரிசுகளை அவ்வாளியில் வைத்தனர். 1956 ஜனவரி 8ஆம் நாள் நேட் செயிண்டும் உடன்சென்ற நால்வரும் அக்காட்டிலே கொல்லப்பட்டனர் என்பது வரலாறு. எனினும், முகமறியா இரு சாராரிடையே முதலிற் கொடுக்கல் வாங்கலை நிகழ்த்தியது ஒரு கயிறு என்பது மறத்தற்கரியது.

வாளி ஏன் நடுவே நிற்கின்றது? நம் கொல்லைக் காவலர் கவண் சுழற்றுவதைக் கண்டவர், வாளியும் கவண்கல்போல் வெளியே வீசப்படும் என்றே எதிர்பார்ப்பர். ஆனால் கவணின் கயிறு குறுகியது. காற்று அதனைச் சிறிதும் தடுப்பதில்லை. விமானத்தின் கயிறோ மிக நீண்டது. அதன் ஒவ்வொரு பகுதியையும் காற்று பின்னே தள்ளுகின்றது. மேற்பகுதி விமானத்தைச் சற்றே பின்தங்கித் தொடர, அடுத்த பகுதி அதனினும் பின்தங்க, கயிறு முழுவதும் உள்நோக்கிச் சுருளும் திருகாணிபோல் வளைகின்றது. சுருள் இறங்குந்தோறும் வட்டம் சிறுத்து, கடைமுனை நடுப்புள்ளியை நெருங்குகின்றது. மணிமாலை மாதிரியைக் கணிப்பொறியில் இட்டு, விமானத்தை வட்டமிடச் செய்தால், இதே சுருள் தானே தோன்றுகின்றது. வட்டத்தின் ஆரம், கயிற்றின் நீளம், விமானத்தின் விரைவு ஆகியவை ஒன்றுக்கொன்று இசையவேண்டும் என்பதும், குறுக்கே வீசும் காற்று வாளியை நடுவினின்றும் விலக்கி ஆட்டும் என்பதும் அக்கணக்கால் விளங்குகின்றன.

6. மாதிரியும் மெய்யும்

இனி, தொடங்கிய நீர்த்தேட்டத்திற்கு வருவோம். வளையம் நிலத்தினின்றும் ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்திற் செல்லுமாறு பறப்பர். அவ்வுயரம் ஓரிரு மீட்டர் பிழைபடக் கணிக்கப்பட்டாலும், மேற்பரப்பை அடுத்த படலங்களின் தன்மை தவறாகத் தோன்றும். நம் சமவெளியில் அப்படலமே நீரை ஏந்தும் சிதைந்த பாறைப்படலம். அதன் தடிப்பும் பல இடங்களிற் சில மீட்டர்களே. ஆகவே வானிற் கயிறு செய்யும் சிறுபிழை மண்ணிற் பெரும்பிழையாய் விளையும்.

இதனை உணர்ந்த அறிஞர், கணக்கை மட்டும் நம்பி நிற்பதில்லை. வளையச் சட்டத்தின்மேலேயே லேசர் உயரமானியையும் சாய்வுமானியையும் பொருத்தி, ஒவ்வொரு நொடியும் அதன் நிலையை அளக்கின்றனர். உயரமானியும் சட்டத்தோடு சேர்ந்து சாய்வதால், 10 பாகை சாயும்போது 30 மீட்டர் உயரத்தை ஏறக்குறைய 30.5 மீட்டர் என்று காட்டும். சாய்வுமானியின் துணையால் அதனைத் திருத்துவர். அங்ஙனமாயின் மாதிரி எதற்கு என்பீர்களாயின், அளவைமானி இருந்ததைக் கூறும், இருக்கப்போவதைக் கூறாது. எவ்வளவு நீளக் கயிறு வேண்டும், எவ்விரைவை மீறலாகாது, எத்திருப்பத்திற் கயிறு தளரும் என்பனவற்றைப் பறப்பதற்கு முன்னரே கூறவல்லது மாதிரி ஒன்றே. அளவைமானி அம்மாதிரியைச் சோதிக்கும் உரைகல்லாகின்றது. இரண்டும் ஒத்தவிடத்து மாதிரியை நம்புவோம். ஒவ்வாதவிடத்து மாதிரியைத் திருத்துவோம்.

இவ்வளவும் செம்மையாய் முடிந்தபின்னும் ஓர் எல்லை உண்டு. இக்கருவி காண்பது நீரையன்று. மின்சாரம் கடத்தும் தன்மையையே. களிமண்ணும் கடத்தும், உப்புநீரும் கடத்தும். ஆதலின், வானிலிருந்து பெற்ற படத்தைச் சில இடங்களிலேனும் துளையிட்டு ஒத்துப்பார்த்தல் இன்றியமையாதது. விண்ணிற் பறக்கும் அறிவு மண்ணில் இறங்கிய துளையோடு கைகோக்கும்போதே உழவர்க்குப் பயன்தரும். வேப்பங்கவைக்கும் இக்கருவிக்கும் உள்ள வேற்றுமை, ஒன்று பழையது, மற்றது புதியது என்பதன்று. தான் எவ்விடத்திற் பிழைபடும் என்பதைக் கவை கூறுவதில்லை. நல்ல மாதிரி கூறும்.

நீரை நம்புதற்குப் படத்தை நம்பவேண்டும். படத்தை நம்புதற்கு வளையத்தின் நிலையை அறியவேண்டும். வளையத்தின் நிலையை அறிதற்குக் கயிற்றை அறியவேண்டும். கவலை வடத்தை நாள்தோறும் கையாண்ட மக்களின் வழிவந்த நமக்கு இவ்வறிவு முற்றும் அயலானதன்று. வடம் என்றும், தொய்வு என்றும், விறைப்பு என்றும், வெட்டியிழுத்தல் என்றும் நம் உழவரும் லாரித் தொழிலாளரும் நாள்தோறும் வழங்கும் சொற்களே இவ்வியலைத் தமிழிற் கூறப் போதியனவாயிருக்கின்றன. அச்சொற்களோடு சிறிது கணக்கையும் சேர்த்துக்கொள்ளும் மாணவர் இச்சமவெளியினின்றும் பலர் தோன்றுவாராக. இனித் துளையிடப்படும் கிணறுகளில் ஒன்றேனும் அவர்தம் கணக்கால் நீர் காணுமாயின், அதனினும் சிறந்த பயன் இக்கல்விக்கு வேறில்லை.